புடிச்ச டிரம்மர காப்பி அடிக்கும்போது பண்ற தப்புங்க

லெட் செப்லின் பேண்டு டிரம்மர் போன்ஹாம் மேல பைத்தியம் புடிச்சதும் நம்ம பசங்க முதல் வேலையா கிக்க (காலால அடிக்கிற பெரிய டிரம்) ரெண்டு காலாலயும் அடிக்கற டபுள் பெடல் வாங்கிடறாங்க. வேணாம்ப்பா. அந்த மனுஷன் அடிச்ச வேகமான கிக் எல்லாம் ஒத்தக் கால், ஒத்த பெடல். அவரு மாதிரியே 26 இன்ச் கிக் வாங்கினாலும் அந்த சவுண்டு வராது, ஏன்னா 1971ல வந்த லெட் செப்லின் நாலாவது ஆல்பத்துல ஒரு பாட்டுக்கு பழைய பெரிய வீட்டோட ஹால்ல டிரம்ஸ போட்டு, மைக்க மாடிப்படி மேல தொங்கவிட்டு ரெக்கார்டு பண்ணியிருக்காங்க, பாதி சவுண்டு அந்த வீட்டோடது.

இதவிட பெரிய தப்பு, நம்ம ஹீரோ யார கேட்டு வளந்தாருன்னு தேடாம விடறது. டோட்டோ பேண்டோட 'ரோசன்னா' (1982) எடுத்துக்கோங்க. அந்த பேண்டு டிரம்மர் ஜெஃப் போர்கரோவே ஒளிக்காம சொல்லியிருக்காரு, பெர்னார்ட் பர்டிங்கற டிரம்மரோட ஹாஃப் டைம் ஷஃபிளையும் (பாதி வேகம் மாதிரி கேக்கற, ஆடி ஆடி வர்ற தாளம்) போன்ஹாம் 'ஃபூல் இன் தி ரெயின்'ல வாசிச்சதையும் எடுத்து, கிக்குக்கு பாடகர் போ டிட்லியோட பீட்ட சேத்ததுதான் அதுன்னு. ரோசன்னாவ மட்டும் கேட்டு காப்பி அடிச்சா தலகீழா நின்னாலும் அந்த ஆட்டம் வராது, முதல்ல பர்டி கிட்ட போகணும்.

அங்கயும் ஒரு இடத்துல சறுக்கும். ஹைஹேட்ல (கால்ல மூடற ஜோடி தட்டு) ட்ரிப்லெட்டோட, அதாவது ஒரு பீட்ட மூணா பிரிச்சதோட, முதல் அடி, மூணாவது அடி. நடு அடி ஸ்நேர்ல (முன்னாடி இருக்கற சின்ன டிரம்) கோஸ்ட் நோட்டு, காதுல விழுந்துச்சா இல்லையான்னே தெரியாத அளவுக்கு. ஓங்கி அடிக்கிறது மூணாவது பீட்டுல மட்டும்தான். பசங்க காதுக்கு அந்த ஓங்கின அடி மட்டும் விழுது, கோஸ்ட் நோட்ட விட்டுடறாங்க, இல்லன்னா அதையும் சத்தமா போட்டு கெடுக்கறாங்க. ஸ்டிக் தோலுக்கு மேல ஒரு இன்ச் தாண்டக்கூடாது. மெட்ரோனோம (தாளம் தட்டற கருவி) நிமிஷத்துக்கு 60ல வெச்சு ஆரம்பிங்க, போர் அடிக்கும்தான், என்ன பண்றது.

நோட்டேஷன (எழுதி வெச்ச தாளக் குறிப்பு) அப்படியே நம்பறதும் தப்பு. பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ இடதுகைக்காரர், ஆனா வலதுகைக்காரங்க செட்டப்புல உக்காந்து வாசிச்சவரு. அதனால அவரு ஃபில்லு (பாட்டு நடுவுல போடற சின்ன உருட்டு) வேற மாதிரி உருளும், நம்ம வலது கையில ஆரம்பிச்சா நோட்டு எல்லாம் சரியா இருந்தும் என்னவோ உதைக்கும். இடது கையில ஆரம்பிச்சு பாருங்க, புரியும்.

பெரிய ஆளானதும் கத்துக்கறத நிறுத்திடறவங்களுக்கு ஒண்ணு: ரஷ் பேண்டு டிரம்மர் நீல் பியர்ட், உலகமே அவர காப்பி அடிச்சிட்டிருந்தப்ப, 40 வயசு தாண்டினப்புறம் டிரம்ஸ் வாத்தியார் ஃப்ரெடி க்ரூபர் கிட்ட மாணவனா போய் உக்காந்து ஸ்டிக் புடிக்கிறதுல இருந்து மாத்திக்கிட்டாரு.