மணிலாவின் வீகன் கடையில் நாம் செய்கிற தவறுகள்

மணிலாவுக்கு வேலைக்கு வந்த முதல் மாதம். மக்காத்தியின் போப்லாசியோன் பகுதியில், பத்து நாற்காலிகளும் இரண்டு மின்விசிறிகளும் மட்டுமே உள்ள ஒரு வீகன் கடையில் (இறைச்சி, மீன் மட்டுமல்ல, பால்கூடச் சேர்க்காத கடை) காரே-காரே வாங்கினேன். வேர்க்கடலையை அரைத்துவிட்ட ஆரஞ்சு நிறக் குழம்பு. அதில் வாழைப்பூ, கத்தரிக்காய், நீளக் காராமணி, கொஞ்சம் கீரை. வாசனை ஊரை நினைவூட்டியது. ஒரு வாய் வைத்தேன், உப்பே இல்லை. பரிமாறியவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே என் தட்டுக்குப் பக்கத்திலிருந்த சிறு கிண்ணத்தைச் சுட்டிக்காட்டினார். அதில் கறுப்பாக ஒரு விழுது. நம் ஊர்த் துவையல் போலிருக்கிறது என்று முழுவதையும் குழம்பில் கவிழ்த்துக் கலக்கிவிட்டேன். அடுத்த வாய் மெரினாவில் அலை அடித்து விழுங்கிய தண்ணீர் போல இருந்தது.

அந்த விழுதின் பெயர் பகோஓங். வழக்கமான கடைகளில் சிற்றிறாலையும் உப்பையும் நொதிக்க வைத்துச் செய்வார்கள். வீகன் கடையில் பெரும்பாலும் நொதித்த கறுப்பு சோயாப் பயறு அல்லது காளானைக் கொண்டு அதே உவர்ப்பைக் கொண்டுவருகிறார்கள். காரே-காரேவில் உப்பை வேண்டுமென்றே குறைத்து வைப்பதே, ஒவ்வொரு வாய்க்கும் நுனிக்கரண்டியில் துளி பகோஓங் தொட்டுக்கொள்வதற்காகத்தான். கடலையின் இனிப்பும் விழுதின் உவர்ப்பும் சட்டியில் சேராமல் நாக்கில் சேர வேண்டும்.

இங்கே சாப்பிட உட்காரும் தமிழர்கள் செய்கிற தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை. நம் வீட்டில் குழம்பு அடுப்பிலிருந்து இறங்கும்போதே முடிந்துவிடுகிறது. உப்பு, புளி, காரம், தாளிப்பு எல்லாம் சமைத்தவரின் பொறுப்பு. பிலிப்பைன்ஸில் சமைத்தவர் கடைசிக் கால் பங்கைச் சாப்பிடுகிறவருக்கு விட்டுவைக்கிறார். அந்தக் கால் பங்கின் பெயர் சவ்சவன், அதாவது தொட்டுக்கொள்வது. மேசையில் சோயா சாஸ், பூண்டும் மிளகாயும் ஊறிய காடி (வினிகர்), கலமான்சி எல்லாம் அலங்காரத்துக்கு வைக்கப்பட்டவை அல்ல. சிறு கிண்ணம் ஒன்றை எடுத்து, சோயா சாஸை ஊற்றி, கலமான்சியைப் பிழிந்து, மிளகாயைக் கிள்ளிப் போட்டு, உங்களுக்கு வேண்டியபடி நீங்களே கலந்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் எழுந்து வந்து, “எல்லாம் சப்பென்று இருந்தது” என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு.

கலமான்சியைப் பற்றி ஒரு வார்த்தை. கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிய பழம். தோல் பச்சை, உள்ளே ஆரஞ்சு. விதை அதிகம். வெட்டுப்பட்ட பக்கத்தை மேலே திருப்பி, விரல்களுக்கு நடுவே வைத்து மெதுவாக அழுத்தினால் சாறு மட்டும் வழியும், விதை உள்ளே தங்கும். எலுமிச்சையை நசுக்குவது போல நசுக்கினால் நூடுல்ஸ் முழுக்க விதைதான். பன்சித் என்ற நூடுல்ஸின் மேல் இதைப் பிழியாமல் சாப்பிடுவது, பொங்கலை மிளகு இல்லாமல் சாப்பிடுவது போல. ஆனால் பொதுத் தட்டில் பிழிவதற்கு முன் எதிரில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் சிசிக்கில் யாரையும் கேட்காமல் பிழிந்து, அலுவலகத் தோழி ஒருவரின் முறைப்பை வாங்கியிருக்கிறேன்.

அடுத்த தவறு சோறு கேட்காமல் விடுவது. இங்கே உணவு வகைகளில் பெரும்பாலானவை ‘உலாம்’. அகராதியைப் புரட்ட வேண்டாம், தெற்கத்திக்காரர்கள் வெஞ்சனம் என்று சொல்வார்களே, அதேதான். சோற்றுக்குத் துணையாக இருப்பதற்கென்றே உப்பும் புளிப்பும் கூட்டிச் செய்தவை. காளான் அடோபோவைத் தனியாகச் சாப்பிட்டால் காடியும் சோயா சாஸும் தொண்டையைப் பிடிக்கும். சோற்றோடு சேர்ந்தால்தான் அதன் பூண்டு மணமும் பிரிஞ்சி இலை மணமும் புரியும். சில கடைகளில் சோற்றுக்குத் தனி விலை. மெனுவில் கடைசி வரியில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உணவுகள் ஒன்றன்பின் ஒன்றாக முறைவைத்து வருவதில்லை. எது தயாரோ அது வரும். மூன்று பேர் போனால் மூன்று உலாம் வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வதே வழக்கம். ஆளுக்கு ஒன்று என்று சொல்லிவிட்டுத் தன் தட்டை அணைத்துக்கொண்டு உட்காருவது நமக்கே நஷ்டம்.

காரத்தை எதிர்பார்த்துப் போவதும் வேண்டாம். பிக்கோல் பகுதிச் சமையல் விதிவிலக்கு. உலர்ந்த சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் மிளகாயோடு வேகவைக்கும் லாயிங் அந்தப் பக்கத்துப் பண்டம்தான். மற்றபடி இந்த நாட்டின் நாக்கு புளிப்பின் பக்கம் சாய்ந்தது. சினிகாங்கைக் குடித்துவிட்டு, “ரசத்தில் மிளகு போட மறந்துவிட்டார்கள்” என்றார் ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா. அதுவும் புளிதான், ஆனால் பெரும்பாலும் பச்சைப் புளியங்காயை வேகவைத்து வடித்த சாறு. நம் பழம்புளியின் கறுத்த ஆழம் அதில் இருக்காது. பளிச்சென்ற ஒரு கூர்மை இருக்கும். முள்ளங்கி, வெண்டைக்காய், வள்ளைக்கீரை எல்லாம் அந்தச் சாற்றில் வெந்து கிடக்கும். ரசம் என்று நினைத்தால் ஏமாற்றம். சினிகாங் என்றே நினைத்துக் குடித்தால் மழைக்காலத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்று தோன்றும்.

அம்மாவோடு போன அன்றுதான் இன்னொரு தவறையும் பார்த்தேன். மெனுவில் லெச்சோன், சிசாரோன், சிசிக் என்று வரிசையாக எழுதியிருந்தது. இவை பன்றி இறைச்சியில் செய்பவை என்று எங்கோ படித்திருந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். வீகன் கடையில் அவை பெயர்கள் மட்டுமே. பம்பாங்கா மாகாணத்தில் பன்றித் தலையில் செய்யும் சிசிக், இங்கே டோஃபுவிலும் காளானிலும் செய்யப்படுகிறது. வதக்கிய வெங்காயம், மிளகாய், கலமான்சி மட்டும் மாறாமல் அப்படியே. பழைய சுவையை விட மனமில்லாமல் இறைச்சியை மட்டும் விட்டவர்களுக்காக வைத்த பெயர்கள் அவை. பரம்பரைச் சைவர்களுக்கு அந்த ஏக்கம் கிடையாது என்பதால் போலி இறைச்சியின் மெல்லுந்தன்மையே குமட்டலாம். அப்படிப்பட்டவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்க் காய்கறிப் பக்கத்தைப் பாருங்கள். அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது முங்கோ: பாசிப்பயறும் முருங்கைக்கீரையும். முருங்கைக்கு இங்கே மலுங்காய் என்று பெயர். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உறவு தெரியும். கத்தோலிக்கர்கள் நிறைந்த இந்த நாட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி தவிர்க்கும் வழக்கத்தால் முங்கோ வெள்ளிக்கிழமைச் சாப்பாடாகவே ஆகிவிட்டது. “தாளிக்கவில்லை” என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

அதே அம்மா, சோற்றின் கடைசிக் கவளத்துக்குத் தயிர் கேட்டார். வீகன் கடையில் தயிர், நெய், பால், தேன் எதுவும் கிடையாது. சைவம் என்றால் பாலும் உண்டு என்பது நம் கணக்கு; அவர்கள் கணக்கில் பாலும் விலக்கு. காபிக்கு ஓட்ஸ் பாலோ தேங்காய்ப்பாலோ வரும். கேட்பதில் தவறில்லை, வற்புறுத்துவதுதான் சங்கடம். ஊறுகாய்க்குக் கைப்பையில் கைவிட்ட அம்மாவை நான் தடுத்தேன். அந்தக் கடையிலேயே அச்சாரா உண்டு. பெயர் நம் நாட்டு ‘அச்சார்’ கடல் கடந்து போய்ச் சேர்ந்தது. பச்சைப் பப்பாளித் துருவலைக் காடியிலும் சர்க்கரையிலும் ஊறவைத்தது. இனிக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இனி, கொஞ்சம் விவகாரமான தவறு. வீகன் கடையில் லாயிங்கையும், பினாக்பெத் என்ற காய்கறிக் கூட்டையும் ரசித்துவிட்டு, மறுநாள் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் அதே பெயரைப் பார்த்து, “காய்கறிதானே” என்று வாங்குவது. அங்கே லாயிங்கில் இறாலோ பன்றிக் கொழுப்போ கலந்திருக்கும். பினாக்பெத்தில் மீன் அல்லது இறால் பகோஓங் இல்லாமல் இருக்காது. முங்கோவின் மேல் பன்றித்தோல் வறுவலைத் தூவியிருப்பார்கள். “கார்னே (இறைச்சி) இல்லாமல்” என்று சொன்னாலும் போதாது, மீன் சாஸ் பலருக்குக் கார்னே என்ற கணக்கிலேயே வராது. இறைச்சி, மீன், இறால், பதிஸ் என்று தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பதிஸ் என்பதுதான் அந்த மீன் சாஸ்.

பூண்டு, வெங்காயம் சேர்க்காதவர்களுக்கு பிலிப்பினோ வீகன் கடை உகந்ததல்ல. காலைச் சோறே பூண்டில் வறுத்ததுதான். பௌத்த வழிச் சீனச் சைவக் கடைகளில் பூண்டும் வெங்காயமும் தவிர்ப்பதுண்டு, அங்கே விசாரிக்கலாம். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் காரே-காரே பக்கமே போக வேண்டாம். கோதுமை ஆகாதவர்கள் சோயா சாஸையும் போலி இறைச்சியையும் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். செவன்த் டே அட்வென்டிஸ்ட் திருச்சபையினரில் பலர் சைவர்கள். அவர்கள் நடத்தும் கடைக்குச் சனிக்கிழமை போனால் பூட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும், அது அவர்களுடைய ஓய்வுநாள்.

இங்கே வலக்கையில் ஸ்பூன், இடக்கையில் முள்கரண்டி, கத்தி கிடையாது. கையால் சாப்பிடுவதற்கு ‘கமாயான்’ என்று பெயர். கேட்டதும் நமக்கு உற்சாகம் வரும். ஆனால் மேசை நீளத்துக்கு வாழை இலை விரித்து, சோற்றை ஒரே கரையாகக் குவித்து, எல்லோரும் தங்கள் முன்னால் இருப்பதை எடுத்துச் சாப்பிடுவது அவர்களுடைய முறை. ஆளுக்கு ஓர் இலை இல்லை. எச்சில் பார்க்கிறவர்கள் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

பரிமாறுகிறவரை விரல் சொடுக்கிக் கூப்பிடாதீர்கள். ஆண் என்றால் குயா, அண்ணன். பெண் என்றால் ஆத்தே, அக்கா. மதுரைப் பக்கத்தில் அதிர்ச்சியில் சொல்வார்களே, அதே ஒலி. மரியாதைக்குச் சொல்லின் பின்னால் ‘போ’ சேர்க்க வேண்டும். சாப்பிட்டு முடித்து நன்றியாக “சலாமத் போ” என்றேன். “சாப்பாடு போட்டவரைப் போ என்கிறாயே” என்று அம்மா என் தொடையில் கிள்ளினார்.

கடைசியாக ஹாலோ-ஹாலோ. பெயருக்குப் பொருளே ‘கலந்தது’ என்பதுதான். உயரக் கண்ணாடிக் குவளையில் அடியில் இனிப்புப் பயறு, ஜவ்வரிசி, பலாச்சுளை, வாழைப்பழம். நடுவில் சீவிய ஐஸ். மேலே தேங்காய்ப்பாலும், ஊபே என்ற ஊதா நிறக் கிழங்கின் இனிப்பும். யாழ்ப்பாணத்தில் ராசவள்ளிக்கிழங்கு என்றால் தெரியும். அடிவரை நீளக் கரண்டியை விட்டுக் கிண்டிய பிறகே சாப்பிட வேண்டும். அம்மா ஊதா உருண்டையை மட்டும் நாசூக்காகச் சுரண்டிச் சாப்பிட்டார், பிறகு வெறும் ஐஸ், பிறகு குவளையின் அடியில் கொண்டைக்கடலை. “சுண்டலை யாராவது சர்க்கரையில் போடுவார்களா?” என்றார். நான் அவருடைய கரண்டியை வாங்கி, மிச்சத்தைக் கலக்கிக் கொடுத்தேன். குவளை காலியான பிறகு, அப்பாவுக்கு ஒன்று பார்சல் வாங்கலாமா என்று கேட்டார். அப்பா மயிலாப்பூரில் இருக்கிறார்.