சத்தம் வரவில்லையா? உடனே எதையும் அழிக்காதீர்கள்

டர்பனில், மெரீபேங்க் பக்கம் சனிக்கிழமைதோறும் நடக்கும் ஒரு தமிழ் வகுப்பின் கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். மழை வேறு, மலை வேறு என்பதை அவர்கள் காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும், பலகையில் எழுதிக் காட்டினால் போதாது. லேப்டாப்பில் சத்தம் நின்றால் பாதி வகுப்பு நின்றுவிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லா மெஷினிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ்தான். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவின் பெயரே எங்கள் பக்கத்து வீட்டு ஜூலு மொழியிலும் புழங்கும் சொல். 2004-இல் அதைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வர்த் எங்கள் தென்னாப்பிரிக்காவின் வெல்கம் நகரில் பிறந்தவர். லைசென்ஸ் செலவில்லை, பழைய மெஷினிலும் ஓடும், குறை சொல்ல ஒன்றுமில்லை. சத்தம் போனால் மட்டும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள்.

நானும் அப்படி ஒரு வைத்தியம் செய்தேன். "தம்பி, படம் ஓடுது, சத்தந்தான் வரலே" என்று ஆசிரியை அக்கா கூப்பிட்டார். எப்போதோ, யாரோ எழுதிவைத்த யோசனையை நம்பி, சத்தத்தைக் கையாளும் பல்ஸ்ஆடியோ என்ற நிரலை அடியோடு நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன். எவையெல்லாம் நீக்கப்படும் என்று திரையில் நீளமாக ஒரு பட்டியல் வந்தது. அதைப் படிக்காமல் சரி என்று அழுத்திவிட்டேன். டெஸ்க்டாப்பும் அதோடு சேர்ந்து போயிற்று. மறுபடி ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. புதிதாக நிறுவ ஏறத்தாழ 6 ஜிபி இறக்க வேண்டும், இங்கே டேட்டா விற்கிற விலையில் அது சின்னச் செலவில்லை. கடைசியில் பார்த்தால் லேப்டாப்பில் ஒரு பழுதும் இல்லை. புரொஜெக்டரை எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருந்தார்கள். சத்தம் அந்தக் கேபிள் வழியாக, ஸ்பீக்கரே இல்லாத புரொஜெக்டருக்குப் போய்க்கொண்டிருந்தது.

சத்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிவதற்கு முன்பே ஒன்றை மாற்றுவது, இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பாட்டு ஒரே பாய்ச்சலில் ஸ்பீக்கருக்கு வந்துவிடுவதில்லை. பிரவுசரோ பிளேயரோ அதை ஒரு சவுண்ட் சர்வரிடம், அதாவது எல்லா நிரல்களின் சத்தத்தையும் வாங்கி அனுப்பும் நடுவாள் நிரலிடம், கொடுக்கிறது. பழைய மெஷினில் அது பல்ஸ்ஆடியோ, புதியதில் பைப்வயர். சர்வர் அதை, லினக்ஸின் அடிப்படை நிரலான கர்னலில் சவுண்ட் சிப்பை இயக்கும் ஆல்சா என்ற பகுதியிடம் தள்ளுகிறது, ஆல்சா சவுண்ட் சிப்புக்கு, சிப் ஜாக்குக்கோ ஸ்பீக்கருக்கோ. எந்தப் படியில் அறுந்தது என்று கண்டுபிடிக்க பாவுகண்ட்ரோல் என்ற சின்ன நிரல் போதும். அதை நிறுவியதும் மெனுவில் பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற பெயரில் இருக்கும், பைப்வயர் ஓடும் மெஷினிலும் வேலை செய்யும். பாட்டை ஓடவிட்டு அதைத் திறந்து பிளேபேக் பகுதியைப் பாருங்கள். அங்கே பட்டை துள்ளவில்லை என்றால் நிரலே சத்தத்தை அனுப்பவில்லை. பெரும்பாலும் பிரவுசர் டேபை யாரோ மியூட் செய்திருப்பார்கள். அங்கே துள்ளுகிறது, ஆனால் அவுட்புட் டிவைசஸ் பகுதியில் வேறு சாதனத்தின் கீழ் துள்ளுகிறது என்றால் என் புரொஜெக்டர் கதைதான். பிளேபேக் பகுதியில் அந்தப் பாட்டுக்குரிய சாதனத்தை மாற்றிவிட்டால் முடிந்தது. இரண்டு இடத்திலும் சரியான சாதனத்தில் துள்ளியும் அறை அமைதியாக இருக்கிறதா, அப்போதுதான் அதற்குக் கீழே, ஆல்சாவையும் வயரையும் பார்க்க வேண்டும்.

ஆல்சாவைப் பார்க்க, கட்டளை தட்டும் டெர்மினலில் ஆல்சாமிக்சர் என்ற நிரலைத் திறப்பார்கள். திறந்தவுடன் ஒரே ஒரு பட்டை, அதுவும் நிறைந்திருக்கும். "வால்யூம் முழுசாத்தானே இருக்கு" என்று மூடிவிடுவார்கள். அந்தப் பட்டை சவுண்ட் சர்வருடையது, கார்டு, அதாவது சவுண்ட் சிப், இன்னும் கண்ணில் படவேயில்லை. எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் என்று வரிசையாகப் பட்டைகள் வரும். பட்டையின் அடியில் சின்னக் கட்டத்தில் இரண்டு எம் இருந்தால் அது மியூட். அந்தப் பட்டைக்குப் போய் எம் விசையைத் தட்டினால் இரண்டு எம்மும் இரண்டு ஓ ஆக மாறும். மாஸ்டர் திறந்திருக்க ஸ்பீக்கர் மட்டும் மூடியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆகவே ஒவ்வொரு பட்டையாகப் பாருங்கள். அம்பு விசையால் வலது ஓரம்வரை போனால் பல மெஷின்களில் ஆட்டோ-மியூட் என்று ஒன்று இருக்கும். ஹெட்ஃபோன் மாட்டினால் ஸ்பீக்கரை அடக்குவது அதன் வேலை.

இங்கே எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்று. கடற்கரை ஓரம், உப்புக் காற்று. ஹெட்ஃபோன் துளைக்குள் இருக்கும் சின்ன உலோக நாக்கு துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டால், ஒன்றும் மாட்டாமலே ஹெட்ஃபோன் மாட்டியிருப்பதாக லேப்டாப் நினைத்துக்கொள்ளும். மெஷினை அணைத்துவிட்டு ஹெட்ஃபோன் முனையைப் பத்துத் தடவை செருகி எடுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் ஆட்டோ-மியூட்டை நிறுத்திவிட்டு, சவுண்ட் செட்டிங்கில் ஸ்பீக்கரை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஊசி, குண்டூசி எதையும் துளைக்குள் விடாதீர்கள்.

சாதனப் பட்டியலில் கார்டின் பெயரே இல்லாமல் டம்மி அவுட்புட் என்று மட்டும் இருந்தால் கதை வேறு. அப்போது வால்யூமோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, கர்னலுக்கே கார்டு தட்டுப்படவில்லை. 2019-க்குப் பிறகு வந்த பல இன்டெல் லேப்டாப்களில் சவுண்ட் சிப்புக்குத் தனி ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஏற்ற வேண்டிய நிரல், தேவைப்படுகிறது, அதன் பெயர் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர், சுருக்கமாக எஸ்ஓஎஃப். அந்தப் பேக்கேஜ் இல்லாவிட்டாலோ, புது லேப்டாப்பில் பழைய கர்னல் ஓடினாலோ இப்படி ஆகும். கர்னல் எழுதிவைக்கும் பதிவில் எஸ்ஓஎஃப் என்று தேடினால் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்ற வரி கண்ணில் படும். அப்புறம், விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மெஷினில் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திப் பாருங்கள். அது மெஷினை முழுசாக அணைப்பதில்லை, சில சமயம் சிப் அரைத்தூக்கத்திலேயே லினக்ஸிடம் வந்து சேரும்.

இனி, பழைய யோசனைகளைப் பற்றி. பல்ஸ்ஆடியோவின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஃபெடோரா 2021-இல் 34-ஆம் பதிப்பில் பைப்வயருக்கு மாறியது, உபுண்டு 2022-இல் 22.10 பதிப்பில், லினக்ஸ் மின்ட் 2024-இல் 22-ஆம் பதிப்பில். 2012-இல் எழுதிய வைத்தியத்தை இன்றைய மெஷினில் செய்தால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்ததாக ஆகும். இப்போது மருந்து பெரும்பாலும் எளியது. பைப்வயரையும் அதன் துணை நிரலான வயர்பிளம்பரையும் சிஸ்டம்சிடிஎல் என்ற கட்டளை மூலம் மறுபடி தொடங்கினால் போதும். அதை சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தோடு, செய்யாதீர்கள், யூசர் என்ற தெரிவோடு செய்யுங்கள். சவுண்ட் சர்வர் லாகின் செய்த ஆளுடையது, ரூட்டுடையது அல்ல. சூடோவோடு அதைத் தொட்டால் உங்கள் செட்டிங் கோப்புகள் ரூட்டின் பெயருக்கு மாறி, நேற்றுவரை வந்த சத்தமும் போகக்கூடும். சவுண்ட் கார்டைத் தொட அனுமதியுள்ள ஆடியோ குழுவில் உங்களைச் சேர்க்கச் சொல்லும் யோசனையும் அப்படித்தான். திரை முன் இருப்பவருக்கு, லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி தானாகவே அனுமதி கொடுக்கிறது. குழுவில் சேர்த்தால் ஒரே மெஷினை இரண்டு பேர் மாறிமாறிப் பயன்படுத்தும்போது ஒருவர் மற்றவரின் சவுண்ட் கார்டைப் பிடித்துவைத்துக்கொள்வார்.

ப்ளூடூத் ஸ்பீக்கரில் சத்தம் தகரம் தட்டுவதுபோல் வந்தால் அது பழுதில்லை. வீடியோ கால் மைக்கைத் திறந்ததும் ஹெட்செட் முறைக்கு மாறியிருக்கும். பாவுகண்ட்ரோலில் கான்ஃபிகரேஷன் பகுதியில் பாட்டுக்கான ஏ2டிபி முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் நிறுவல் பென் டிரைவில் மெஷினைக் கிளப்பி, எதையும் நிறுவாமல் ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் உங்கள் சிஸ்டத்தில்தான் கோளாறு. பயனர் கோப்புறையில் மறைந்திருக்கும் வயர்பிளம்பர் செட்டிங்கின் பெயரை மாற்றிவைத்து லாக் அவுட் செய்து வாருங்கள், அது புதிதாக எழுதிக்கொள்ளும். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பென் டிரைவில் கார்டு தெரிந்தும் சத்தம் வராவிட்டால் ஸ்பீக்கரோ ஜாக்கோ செத்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்காக லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பென் டிரைவ் அளவில் யுஎஸ்பி சவுண்ட் கார்டு விற்கிறது, பெரும்பாலானவற்றை லினக்ஸ் டிரைவர் கேட்காமலே ஏற்றுக்கொள்ளும். எங்கள் வகுப்பின் பழைய லேப்டாப் ஒன்று இப்போது அதில்தான் பேசுகிறது. மாட்டிய கையோடு சவுண்ட் செட்டிங்கில் அதையே அவுட்புட்டாகத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.