கேம் அக்கவுண்டைக் காக்க வின்ராரைப் பாருங்கள்

பிள்ளைகள் கேம் விளையாடும் கணினியில் இன்றே வின்ராரை (ரார், ஜிப் போன்ற சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும் புரோகிராம்) திறந்து, ‘ஹெல்ப்’ மெனுவில் ‘அபௌட் வின்ரார்’ போய்ப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 7.13-க்குக் கீழே இருந்தால் அதன் சொந்தத் தளத்திலிருந்து புதியதைப் போடுங்கள், இல்லாவிட்டால் நீக்கிவிடுங்கள். விண்டோஸ் 11-ஐப் புதுப்பித்து வைத்திருந்தால் அதுவே ரார் கோப்பைத் திறக்கும்.

வின்ரார் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. 2025 ஜூலையில் அடைத்த பாதுகாப்பு ஓட்டை பழைய பதிப்புகளில் அப்படியே கிடக்கிறது. ‘இலவச ஸ்கின்’ (கேம் பாத்திரத்துக்கான புதுத் தோற்றம்) என்று வரும் கோப்பைப் பிரித்தால், நாம் காட்டிய இடத்தில் மட்டுமல்ல, விண்டோஸின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலும் சத்தமில்லாமல் ஒன்றைப் போட்டுவிடலாம். அடுத்த முறை கணினியில் நுழைந்ததும் அது ஓடும். பிரவுசரில் இருக்கும் லாகின் குக்கீயை, அதாவது நாம் ஏற்கெனவே நுழைந்துவிட்டோம் என்று காட்டும் அடையாளத்தை, அள்ளிவிட்டால் திருடனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். ஓடிபி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கைப்பேசியில் மட்டும் விளையாடுபவர்களுக்கு இது பொருந்தாது. போலி லிங்கில் நாமே ஓடிபி கொடுத்தாலும், வந்த புரோகிராமை நாமே ஓட்டினாலும் வின்ராரைப் புதுப்பித்தது காப்பாற்றாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சைபர் கஃபேயில் விளையாடினால், அங்கே நாம் எதையும் புதுப்பிக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் கேம் அக்கவுண்டில் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். அப்புறம், வங்கிப் பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் மலேசியாவின் தேசிய மோசடிப் புகார் மையத்தை (என்.எஸ்.ஆர்.சி) 997-இல் அழையுங்கள்.