வடிவியலும் வரைபடமும்: 16 மதிப்பெண்

வேலூர், குடியாத்தம் பகுதிகளில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர்கள், 100 மதிப்பெண் கணித வினாத்தாளின் கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்திற்கு 8 என 16 மதிப்பெண்கள் இருப்பதையும், ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒரு வினாவைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

வடிவியலில் உதவிப்படத்தை முதலில் வரையுங்கள். கவராயத்தால் வரைந்த விற்களை அழிக்காதீர்கள். 6 செ.மீ ஆரமுள்ள வட்டத்திற்கு, மையத்திலிருந்து 10 செ.மீ தொலைவிலுள்ள புள்ளியிலிருந்து தொடுகோடுகள் வரையும்போது, பிதாகரஸ் தேற்றப்படி நீளம் 8 செ.மீ வர வேண்டும் என்பதால், அளவுகோலை வைத்துப் பிழையை அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். (மொட்டைப் பென்சில் இருந்தால் 8 ஒருபோதும் வராது.)

வரைபடத்தில் அட்டவணை, அளவுத்திட்டம், அச்சுகளின் பெயர் ஆகியவற்றை எழுதிய பின்னரே புள்ளிகளைக் குறியுங்கள்.