உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால் என்ன செய்வது?

எங்கள் பெரியம்மா ஒரு தேர்தலில் வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனபோது, "உங்க ஓட்டு பதிவாயிடுச்சேம்மா" என்று சொல்லிவிட்டார்கள். விரலில் மை இல்லை, கையில் வாக்காளர் அட்டை இருந்தது, ஆனால் என்ன கேட்பதென்று தெரியாமல் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஓட்டுப் போடப் போகவே இல்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கும் அப்படி நடந்தால் திரும்பி வராதீர்கள். நேராக பூத்தின் தலைமை அலுவலரிடம் போய், "எனக்கு டெண்டர் ஓட்டு வேண்டும்" என்று கேளுங்கள். 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 49பி (49P) என்ற விதி இதற்காகவே இருக்கிறது. நீங்கள் யார் என்று உறுதிசெய்யச் சில கேள்விகள் கேட்பார், சரியாகப் பதில் சொன்னால் 17பி (17B) படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு வாக்குச்சீட்டு தருவார். இயந்திரத்தில் போட விடமாட்டார்கள், அதற்காகச் சண்டை போட வேண்டாம். மறைவிடத்துக்குள் போய்ச் சீட்டில் முத்திரை குத்தி, மடித்து அவரிடமே கொடுத்தால் தனி உறையில் வைத்துவிடுவார்.

அந்தச் சீட்டு வாக்கு எண்ணும் நாளில் எண்ணப்படாது. இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் எதற்கு என்று கேட்டால், 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா சட்டமன்றத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார், அந்தத் தேர்தல் வழக்கில் டெண்டர் ஓட்டுகள் பெரிய பிரச்சினையாகி உச்ச நீதிமன்றம் வரை போனது. முடிவு வந்த 45 நாளுக்குள் யாராவது வழக்குப் போட்டால், உங்கள் பெயரில் நடந்த மோசடிக்கு உங்கள் கையெழுத்தோடு ஒரு சாட்சி அந்த உறைக்குள் இருக்கும். வீட்டுக்குத் திரும்பிவிட்டால் அப்படி ஒன்று நடந்ததற்கே தடயம் கிடையாது.

தேர்தல் வந்தாலே வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியை நம்பாதீர்கள். 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு என்று எந்த விதியும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவர் ஆதாரைக் காட்டி 'சேலஞ்ச் ஓட்டு' போடலாம் என்பதும் பொய். சேலஞ்ச் என்பது, வந்திருப்பவர் அந்த ஆள்தானா என்று சந்தேகப்படும் பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் சொல்வது. ஏஜென்டுகள் விழிப்பாக இருந்தால் கள்ள ஓட்டு அங்கேயே மாட்டிவிடும், அதனால் உங்கள் தெருவில் யாராவது ஏஜென்டாக உட்காரப் போகிறார் என்றால் இதை அவருக்குச் சொல்லிவையுங்கள்.

பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை வேட்புமனுக் காலத்துக்கு முன்பே பாருங்கள், வேட்புமனு முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது. சந்தேகம் இருந்தால் 1950க்குப் போன் செய்யலாம். ஓட்டுப் போடும் நாளில் பூத் சிலிப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது அடையாளச் சான்று ஆகாது. முடிந்தவரை காலையிலேயே போய்விடுங்கள்.