மூன்று சென்டர் பேக் போதுமா? லிவர்பூல் 2020-இல் போட்ட தப்புக் கணக்கு

கால்பந்து சீசன் முடிந்து, கிளப்புகள் ஆட்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்பர் விண்டோ திறந்தால் ரசிகர்கள் கண்ணெல்லாம் ஸ்ட்ரைக்கர் மேல்தான். டிஃபென்ஸில் ஆள் போதுமா என்று எண்ணிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. சில சமயம் கிளப்புகளுக்கும்தான். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது இங்கிலாந்துக் கிளப்பான லிவர்பூலின் 2020 கோடை.

99 புள்ளிகளோடு பிரீமியர் லீக்கை வென்ற கையோடு, ஜூலை கடைசியில் சென்டர் பேக் (டிஃபென்ஸின் நடுவில் ஆடுபவர்) டெயான் லோவ்ரனை ரஷ்யாவின் ஜெனித் கிளப்புக்கு விற்றார்கள். லோவ்ரனும் அடிக்கடி காயப்படுபவர்தான்; விற்றதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் இடத்தை நிரப்பவே இல்லை. வான் டைக், ஜோ கோமெஸ், ஜோயல் மாடிப் என்று மூன்று பேர் இருக்கிறார்கள், அவசரத்துக்கு மிட்ஃபீல்டர் ஃபபின்யோ பின்னால் ஆடுவார் என்று விட்டுவிட்டார்கள். மிட்ஃபீல்டர் தியாகோவும் ஃபார்வர்டு ஜோட்டாவும் வந்த சந்தோஷத்தில் இந்த ஓட்டை பலர் கண்ணில் படவில்லை.

இங்கே தலையை எண்ணினார்கள். ஆடக்கூடிய ஆட்டங்களை எண்ணியிருக்க வேண்டும். மாடிப் முந்தைய சீசனில் லீகின் 38 ஆட்டங்களில் 9-இல் மட்டுமே இறங்கினார். கோமெஸுக்கு 2015-இல் முழங்கால் தசைநார் அறுந்தது, 2018 டிசம்பரில் கால் முறிந்தது. வான் டைக் மட்டும் இரண்டு சீசனாக ஒரு லீக் ஆட்டத்தையும் விடவில்லை. ஆக, பேப்பரில் மூன்று பேர். உண்மையில் ஒரே ஒருவரின் உடம்பை நம்பித்தான் எல்லாம் இருந்தது.

அக்டோபர் 17, எவர்ட்டனின் அன்றைய மைதானமான குடிசன் பார்க். எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்ட் பாய்ந்து மோதியதில் வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் இங்கிலாந்து அணிப் பயிற்சியின்போது கோமெஸ். ஜனவரி 28 டாட்டன்ஹாம் ஆட்டத்தில் மாடிப். மூன்று பேருக்கும் சீசன் அத்தோடு சரி.

அப்புறம் ஃபபின்யோவும் கேப்டன் ஹெண்டர்சனும் பின்னால் இறங்கினார்கள். வேட்டியில் கிழிசல் என்று சட்டையை வெட்டி ஒட்டுப்போட்ட கதைதான். ஃபபின்யோ சென்டர் பேக்காக நன்றாகவே ஆடினார், அதில் சந்தேகமில்லை. ஆனால் டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று பந்தைப் பறித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் அங்கே இல்லை. சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்கள் தோல்வியே காணாத அணி, ஜனவரி 21-இல் பர்ன்லியிடம் தோற்றது. அதிலிருந்து சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் தோல்விகள். கிளப்பின் வரலாற்றில் அதுவரை அப்படி நடந்ததில்லை.

கோடையில் நிதானமாகச் செய்திருக்க வேண்டியதைக் குளிர்கால விண்டோவின் கடைசி நாளில் அரக்கப்பரக்கச் செய்தார்கள். ஜெர்மனியின் ஷால்கேயிலிருந்து லோனில் (தற்காலிகக் கடனாக) ஓசான் கபாக், பிரஸ்டனிலிருந்து பென் டேவிஸ். கபாக்குக்கு அப்போது வயது 20. பிப்ரவரி 13-இல் லெஸ்டருக்கு எதிராக முதல் ஆட்டம். ஒரு நீளப் பந்தைத் துரத்திக்கொண்டு அவர் ஓட, அதே பந்துக்காக லிவர்பூல் கோல்கீப்பர் அலிசனும் கோலை விட்டு வெளியே வர, இருவரும் மோதிக்கொண்டார்கள். நழுவிய பந்தைக் காலி கோலுக்குள் லெஸ்டரின் வார்டி உருட்டிவிட்டார். கூடப் பழகாதவர்களை நேராகக் களத்தில் இறக்கினால் யார் யாரைக் கூப்பிடுவது என்பதே தெரியாது. டேவிஸ் விஷயம் இன்னும் பாவம்: லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடவில்லை.

மார்ச் நடுவில் ஃபபின்யோவை மறுபடி மிட்ஃபீல்டுக்கு அனுப்பிய பிறகுதான் அணிக்கு மூச்சு வந்தது. கடைசி 10 லீக் ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிரா. 69 புள்ளிகளோடு மூன்றாம் இடம். பின்னால் நின்றவர்கள் யார்? கபாக்கும் நாட் பிலிப்ஸும். கபாக் காயமடைந்ததும் பிலிப்ஸும் ரீஸ் வில்லியம்ஸும். முந்தைய சீசனில் வில்லியம்ஸ் லோனில் ஆடியது ஆறாம் நிலைக் கிளப்பான கிடர்மின்ஸ்டரில். பர்ன்லி மைதானத்தில் பிலிப்ஸ் தலையால் ஒரு கோல் அடித்ததோடு, கோல் கோட்டிலிருந்து ஒரு பந்தையும் வெளியேற்றினார்.

இதைப் பார்த்து, 'பையன்களை வைத்தே ஒப்பேற்றிவிடலாம்' என்று நினைப்பதும் ஒரு தவறுதான். லிவர்பூல் அப்படி நினைக்கவில்லை. சீசன் முடிந்த ஒரு வாரத்துக்குள், 2021 மே 28-இல், லைப்சிக்கிலிருந்து சென்டர் பேக் கொனாத்தேவை எடுப்பதாக அறிவித்துவிட்டார்கள். அடுத்த சீசனில் நான்கு சென்டர் பேக், மொத்தம் 63 ஆட்டங்கள், இரண்டு கோப்பைகள். அதில் பாதிக்கு மேல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோமெஸுக்கு 2022 ஜூலையில் புது ஒப்பந்தமும் கொடுத்தார்கள்.