பூனையின் உலர் உணவு மணம் குன்றாமல் இருக்க

பை பிரித்த முதல் வாரத்தில் தட்டில் ஓர் உணவு மணி கூட மிச்சம் வைக்காத பூனை, சில வாரங்கள் கழித்து அதே உணவை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனால், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று வீட்டில் பேச்சு எழும். பெரும்பாலான நேரங்களில் பூனையின் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. உணவுதான் மாறிப் போயிருக்கிறது.

உலர் உணவு தயாராகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் காரணம் புலப்படும். மாவும் இறைச்சித் தூளும் கலந்த பிசைவை நீராவியிலும் அழுத்தத்திலும் வேகவைத்து, அச்சில் பிழிந்து, ஈரப்பதம் ஏறக்குறைய பத்து விழுக்காட்டுக்கு வரும்வரை உலர்த்திய பிறகுதான், விலங்குக் கொழுப்பையும் ஈரல் போன்றவற்றிலிருந்து எடுத்த சுவைச் சாற்றையும் மேற்பரப்பில் பூசுகிறார்கள். இனிப்புச் சுவையையே உணர முடியாத பூனை, உண்பதா வேண்டாமா என்பதைப் பெரிதும் வாசனையைக் கொண்டே முடிவு செய்கிறது. அந்த வாசனையைத் தரும் மேற்பூச்சுதான் காற்று பட்டதும் முதலில் காறத் தொடங்குகிறது. பாதுகாப்புக்காகச் சேர்த்திருக்கும் வைட்டமின் ஈ போன்ற பொருட்கள் அதைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்திவிடாது. பையில் அச்சிட்டிருக்கும் தேதி பிரிக்காத பைக்கு உரியது. பிரித்த பையை ஒரு மாதத்துக்குள், மிஞ்சினால் ஆறு வாரத்துக்குள், தீர்த்துவிட வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஒரு மாதத்தைத் தாண்ட விடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஆகவே உணவைக் காப்பது கடையிலேயே தொடங்குகிறது. நான்கு கிலோ எடையுள்ள பூனை, உணவின் தரத்தைப் பொறுத்து, நாளொன்றுக்கு ஐம்பது முதல் அறுபது கிராம் வரை உண்ணும். 1.2 கிலோ பை அதற்கு மூன்று வாரத்துக்கு வரும். 7 கிலோ பை தீர நான்கு மாதம் ஆகும். ஒரே பூனை வளர்ப்பவர் பெரிய பை வாங்கி மிச்சப்படுத்தும் பணம், கடைசியில் கொட்டப்படும் உணவோடு போய்விடுகிறது. திறந்த மூட்டையிலிருந்து கிலோ கணக்கில் சில்லறையாக அளந்து தரும் உணவை வாங்கவே வேண்டாம். அந்த மூட்டை எப்போது பிரிக்கப்பட்டது என்பதும் நமக்குத் தெரியாது, தயாரிப்புத் தொகுதி எண்ணும் நம் கைக்கு வராது.

வீட்டுக்கு வந்ததும் உணவை நேராக டப்பாவில் கொட்டும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. கொழுப்பும் காற்றும் எளிதில் ஊடுருவாதபடி செய்யப்பட்ட உட்பூச்சு அந்தப் பையிலேயே இருப்பதால், உள்ளிருக்கும் காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை இறுக மடித்துக் கிளிப் போட்டு, பையோடு எவர்சில்வர் சம்படத்துக்குள் வைத்து மூடுவதே சிறந்த முறை. கொட்டித்தான் வைப்பீர்கள் என்றால், டப்பாவின் அடியை விரலால் தடவிப் பாருங்கள்: பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டும் தூள் பழைய கொழுப்பு. அதன்மேல் புது உணவைக் கொட்டினால் காறல் விரைவாகப் பரவும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, சொட்டு ஈரமும் இல்லாமல் வெயிலில் காயவைத்த பிறகே நிரப்ப வேண்டும். அள்ளுவதற்கு உலர்ந்த கரண்டி ஒன்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

வைக்கும் இடம் 27 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. நம் ஊர்க் கோடையில் அது கைகூடாது. எனவே அடுப்பருகிலும், ஃபிரிட்ஜின் மேலும், வெயில் இறங்கும் பரணிலும், பால்கனியிலும் வைக்காமல், உள்ளறை அலமாரியின் கீழ்த்தட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பையை ஃபிரிட்ஜுக்குள் வைத்து வைத்து எடுத்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் குளிர்ந்த மணிகளின்மேல் காற்றின் ஈரம் படிந்து பூசணத்துக்கு வழி செய்யும்.

தட்டில் வைக்கும் முறையும் முக்கியம். பூனை இயல்பாகவே ஒரு நாளில் பலமுறை கொஞ்சம் கொஞ்சமாக உண்ணும் விலங்கு. அதற்காகக் காலையிலேயே தட்டை நிரப்பி வைத்தால், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அது மதியத்துக்குள் அப்பளம் போல நமுத்துவிடும். அன்றைய அளவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து வையுங்கள். தட்டு பீங்கானாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும், ஏனெனில் பிளாஸ்டிக்கின் கீறல்களில் கொழுப்பு தங்கிவிடும். தினமும் அதைக் கழுவ வேண்டும். எறும்பு வந்தால், அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் தட்டை வைத்தால் போதும். எறும்புச் சாக்பீஸால் சுற்றிக் கோடு போடவே கூடாது. அதிலுள்ள பைரெத்திராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

நல்ல உணவையே பூனை தயங்கி உண்டால், வெதுவெதுப்பான நீர் ஒரு தேக்கரண்டி தெளித்துப் பாருங்கள். சூட்டில் மணம் எழும்பும். ஈரம் பட்ட உணவை ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்துவிட வேண்டும். உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழியின் சாறும் உதவும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால், மீன் குழம்பை ஆசைக்குக்கூட ஊற்றக் கூடாது.

பழைய எண்ணெய் போன்ற காறல் வாடை, கட்டிப்பட்ட மணிகள், நூலாம்படை, வண்டு, பூசணம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் முழுப் பையையும் அப்புறப்படுத்துங்கள். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் பூசணத்தின் நஞ்சு போகாது. தெருப் பூனைகளுக்கு வைப்பதும் தவறு.

புதுப் பை பிரித்தும் ஒரு முழு நாள் பூனை எதையும் தொடவில்லை என்றால், உணவைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். பட்டினி நாட்கணக்கில் நீண்டால், குறிப்பாகப் பருத்த பூனைகளுக்கு, ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். செல்லும்போது தொகுதி எண் தெரியும்படி அந்தப் பையையும் எடுத்துச் செல்லுங்கள்.